பென்டிரைவ் இல்லாமல் விண்டோஸை மீண்டும் நிறுவலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரியில் படிக்கும் என் மகளின் பழைய மடிக்கணினி அண்மையில் மிகவும் மந்தமாகிவிட்டது. அதன் இரண்டு யூஎஸ்பி துளைகளும் பழுது, டிவிடி டிரைவும் கிடையாது. செங்கோட்டையில் ஒரு கடையிலும், புளியரை தாண்டிப் புனலூரில் மற்றொரு கடையிலும் காட்டினோம். பென்டிரைவ் போட வழியில்லாததால் புதிது வாங்குவதுதான் நல்லது என்று இரு இடத்திலும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அது தவறான ஆலோசனை என்பதைப் பதிவு செய்யவே எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-இல் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலநிற மீட்புத் திரை வருகிறது. அதில் டிரபிள்ஷூட், பிறகு ரீசெட் திஸ் பிசி என்று சென்று, 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டே இயங்குதளம் புதிதாக நிறுவப்படும். நாம் தனியாக நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். மகளின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. விண்டோஸ் திறக்கவே மறுத்தாலும், தொடர்ந்து இரண்டு மூன்று முறை துவக்கம் தோற்றால் இதே திரை பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கே பழுதாகியிருந்தால் இது உதவாது.

வேலை முடிய மூன்று மணி நேரமானது. அதுவரை சார்ஜரைக் கழற்றவில்லை, மின்சாரம் போகக்கூடாதே என்ற கவலையோடு அருகிலேயே அமர்ந்திருந்தோம். தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை இணையச் சேமிப்பில் ஏற்றி வைப்பது அவசியம்.

தங்கள் நாளிதழ் இவ்வழிமுறையைப் படங்களுடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செங்கோட்டை