அட்டையில் வந்தால் கால் உடையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பக்கத்தில் 'மேடன் சாபம்' பற்றி நீங்கள் போட்டிருந்த துணுக்கை இங்கே நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தபடி போனில் படித்தேன். 'மேடன்' என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமின் அட்டையில் யார் படம் வருகிறதோ அவருக்கு அந்த ஆண்டே அடி விழும் என்கிறீர்கள். இந்தப் பஞ்சாயத்து இரண்டு வாரமாக எங்கள் வீட்டிலேயே நடக்கிறது.

பேரனுக்குப் பதினொரு வயது, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிமேல் பைத்தியம். மேடன் 26 அட்டையில் அவனுடைய அணி வீரர் சாக்குவான் பார்க்லி, எதிராளியை முதுகுப்பக்கமாகவே தாண்டிக் குதிக்கிறார். பிள்ளை துள்ளுவான் என்று பார்த்தால் முகம் தொங்கிவிட்டது. "போச்சு அம்மாச்சி, அவருக்கு ஏதோ ஆகப்போகுது" என்று ஒப்பிக்க ஆரம்பித்தான். 2003-ல் மைக்கேல் விக், கேம் கடைக்கு வந்த சில நாளில், சீசன் தொடங்கும் முன்பே காலை உடைத்துக்கொண்டார். 2006-ல் ஷான் அலெக்சாண்டருக்குப் பாத எலும்பு. 2019-ல் மகோம்ஸுக்கு முட்டிச் சிப்பி விலகியது.

நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், சும்மா இருப்பேனா? அலெக்சாண்டர் அதற்கு முந்தைய சீசனில் 370 தடவை பந்தோடு ஓடியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் வந்து மேலே விழுவார்கள். எலும்பு உடைய அட்டைப்படம் வேறு வேண்டுமா? மகோம்ஸ் இரண்டே ஆட்டம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார், அதே சீசனில் இறுதிக் கோப்பையான சூப்பர் பவுலையும் வென்றார். முட்டியை எழுதிக்கொண்டவர்கள் கோப்பையை எழுதவில்லை.

எடி ஜார்ஜ் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அட்டையில் வந்த 2000-ல் 403 தடவை ஓடினார், ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. அதற்காக விடுவார்களா? நாக்-அவுட் சுற்றான ப்ளேஆஃபில் கைக்கு வந்த ஒரு பந்து நழுவி எதிரணிக்காரர் கைக்குப் போனது, அதைச் சாபக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கால்வின் ஜான்சன் 2012-ல் அட்டையிலும் வந்து, வீசிய பந்தைப் பிடித்தே ஒரே சீசனில் 1,964 யார்டு எடுத்து, ஜெர்ரி ரைஸின் 17 வருடச் சாதனையையும் உடைத்தார். உங்கள் பட்டியலில் அவரைக் காணோம்.

என்னைப் பெரிய பகுத்தறிவுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். போன மாதம் பேரன் பிறந்தநாளுக்கு உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டதும் நான்தான். புகை அலாரம் அலறி, மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி விசிறியதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

சரி, பார்க்லிக்கு வருவோம். 2024-ல் அவர் பந்தோடு ஓடியது 2,005 யார்டு. ஒரே சீசனில் இப்படி ஓடியே 2,000 தாண்டியவர்கள் அவரையும் சேர்த்து ஒன்பது பேர்தான். முந்தைய எட்டுப் பேரில் ஒருவர்கூட இரண்டாம் முறை தாண்டவில்லை. ஓ.ஜே. சிம்ப்சன் 1973-ல் 2,003, மறு வருடம் 1,125. எரிக் டிக்கர்சன் 1984-ல் 2,105, மறு வருடம் 1,234. மேடன் கேம் பிறந்ததே 1988-ல். அப்போது எந்த அட்டை இவர்களைப் பிடித்து இழுத்தது?

இந்தக் கணக்கை எழுதிக் காட்டிய தாளைப் பேரன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப பார்க்லிக்கும் குறையும்னு சொல்றீங்களா?"

"குறையலாம்டா. குறைஞ்சாலும் அது சாபம் இல்லை."

மறுபடி முகம் தொங்கியது. உள்ளே போய் அட்டையை எடுத்து வந்து என் மடியில் வைத்தான். "எதுக்கும் இதுக்கும் சுத்திப் போட்டுடுங்க அம்மாச்சி."

போட்டேன். இந்த முறை மிளகாய் இல்லாமல், வெறும் உப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்,
திண்டுக்கல் (தற்போது நியூ ஜெர்சி)