பில்பாவோவிலிருந்து ராமுவுக்கு

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்திக்குப் பெயர் வைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்காலுக்கு ஆபரேஷனே வேண்டாம் என்று நீ அடம்பிடிப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதை நேரில் பேசிக்கொள்கிறேன்.

நான் ரிட்டயரானபோது ஆபீஸில் எல்லோரும் காசு போட்டு இரண்டு பாட்டில் ஒயின் வாங்கித் தந்தார்கள் என்று எழுதியிருந்தேனே, போன சனிக்கிழமை இரண்டையும் திறந்துவிட்டேன். "பழசானால் எல்லாம் ஒரே ருசிதானே" என்று கேட்டிருந்தாய். இல்லை ராமு.

இரண்டும் ஸ்பெயினில் ஒயினுக்குப் பேர்போன ரியோஹா வட்டாரத்தில், ஆரோ என்கிற சின்ன ஊரில் செய்தவை. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். 1863-இல் அந்த ஊருக்கு ரயில் வந்தது. அடுத்த சில வருஷங்களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி வேரோடு அரித்துவிட, போர்தோ வியாபாரிகள் சரக்குத் தேடி இந்தப் பக்கம் வந்தார்கள். பேர்போன ஒயின் சாலைகள் பலவும் ஸ்டேஷனை ஒட்டியே முளைத்தது அதனால்தான். லோபெஸ் தே எரேதியா 1877-இல், லா ரியோஹா ஆல்தா 1890-இல். முன்னவர் செய்தது வின்யா தொந்தோனியா ரெசர்வா, பின்னவர் செய்தது வின்யா அர்தான்சா. இரண்டுமே 2001-ஆம் வருஷத்து அறுவடை. அந்த வருஷத்து அர்தான்சாவுக்கு 'ரெசர்வா எஸ்பெசியல்' என்று தனிப் பட்டம். அதற்கு முன் அந்தப் பட்டம் கிடைத்தது 1964-க்கும் 1973-க்கும்தான்.

தொந்தோனியாவின் கார்க் பாதியில் உடைந்தது. திருகியைக் கோணலாகப் போட்டவன் நானேதான். மீதியை உள்ளே தள்ளிவிட்டு, சரோஜாவின் டீ வடிகட்டியில் வடித்தேன். அடியில் காப்பிப் பொடி மாதிரி மண்டி. தேறல் என்றால் தெளியவைத்த கள் என்று தமிழய்யா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெள்ளைத் தாளின் மேல் இரண்டு கிளாஸையும் சாய்த்துப் பார்த்தேன். அர்தான்சா நடுவில் இன்னும் நல்ல சிவப்பு. தொந்தோனியாவின் விளிம்பு பழைய ஓட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டிலும் பெரும்பங்கு தெம்ப்ரானியோ திராட்சை, இரண்டும் அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்தவை. ஆனால் அர்தான்சா மூன்று வருஷம், தொந்தோனியா ஆறு வருஷம்.

முதல் வாயிலேயே அர்தான்சா ஆளைக் கவிழ்த்துவிட்டது. வெனிலா, பழுத்த செர்ரி, அதற்குப் பின்னால் கொப்பரை வாசனை. சிரிக்காதே, அமெரிக்க ஓக்குக்கு அந்த வாசனை உண்டு. தொந்தோனியாவோ ஒல்லியாக, வெடுக்கென்று புளித்தது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த மாதிரி ஒரு வாடை. பெரிய பேர் என்று நினைத்தது தப்போ என்றே பட்டது. சரோஜா ஒரு வாய் குடித்துவிட்டு, "ரசத்துக்கு ஆகும்" என்றாள்.

இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். ஆட்டுக் கறி வறுவல். அதோடு குடித்தபோது அந்தப் புளிப்புதான் கறியின் கொழுப்பை அறுத்துக்கொண்டு போனது. வாடையும் போய்விட்டது. ஆரஞ்சுத் தோல், புகையிலை, மழை நனைத்த மண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, விழுங்கிய பிறகும் நாக்கை விடவில்லை. அர்தான்சா அதே நல்ல பிள்ளைதான், ஆனால் முதல் வாயில் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானம் மிச்சத்தைக் குடித்தபோது தொந்தோனியாதான் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரோஜாவின் ஓட்டு இன்னும் அர்தான்சாவுக்குத்தான்.

முன்பு ஒரு முறை தொந்தோனியாவின் நிலவறைக்குப் போயிருக்கிறோம். அங்கே ஒட்டடையே அடிப்பதில்லை. கார்க்கைத் துளைக்கிற அந்துப்பூச்சியைச் சிலந்தி தின்னும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒட்டடைக் கம்பை எடுக்காததற்கு எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

வருவதானால் ஜூன் 29-க்கு முன்னால் வா. அன்றைக்கு ஆரோ ஊரில் மலையேறிப் போய் ஒருவர் மேல் ஒருவர் ஒயினைக் கொட்டி விளையாடுவார்கள். வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும், பழசாகப் பார்த்துக் கொண்டு வா. மலை ஏற முழங்கால் வேண்டும், டாக்டரைப் பார்.

அன்புடன்,
மணி