வடபுறத் தோட்டத்தில் கல் பாவ வேண்டாம்: எங்கள் சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், கமிட்டியில் இருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

கோயிலுக்கு வடபுறம் இருக்கிற இடத்தில் பேவர் பிளாக் பதித்து கார் நிறுத்தும் இடமாக்கப் போவதாகப் போன ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசித்தீர்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன்னால் வேலை முடிந்துவிடும் என்றும் சொன்னீர்கள். ஒன்றரை வருஷமாக நாங்கள் பாத்தி கட்டிக் காய்கறி போட்டு, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவரும் இடம் அது. முடிவெடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் எங்களில் யாரையாவது ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு. அது போகட்டும். அந்த முடிவை மாற்றச் சொல்லிக் கேட்பதற்காக இதை எழுதுகிறேன். சபையார் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

அந்தத் தோட்டத்தை நாங்கள் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை உடைத்து வந்தபோது மேடான இடம் என்று ஊரே நம் கோயிலுக்குள் வந்து ஏறியது. கோயில் விருந்தான அசனத்துக்கு வைத்திருக்கும் அண்டாக்களை எடுத்து, அசனம் ஆக்கும் அதே கைகள் அன்றைக்குக் கஞ்சி காய்ச்சின. எந்தத் தெரு, எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வளாகம் முழுக்க முழங்கால் அளவுக்கு வண்டல். வாலிபர்கள் அதை அள்ளி வடபுறத்தில் குவித்தார்கள். சமையல் கழிவும் அங்கேதான் போனது. ஜனவரி கடைசியில் பார்த்தால் அந்தக் குவியலில் பூசணிக்கொடி ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பத்துப் பதினைந்து தக்காளிச் செடி. விதைத்தவர் யாரும் இல்லை. சும்மா முளைத்ததற்கே இவ்வளவு செழிப்பு என்றால், மண்ணைக் கொத்திப் போட்டால் என்ன வரும் என்று பனையேறி ஓய்ந்த நம் சபைப் பெரியவர் ஒருவர்தான் முதலில் கேட்டார். அவரே மண்வெட்டியையும் கொண்டுவந்தார்.

அந்த இடம் மொத்தம் 12 சென்ட். மூன்று பேராக ஆரம்பித்தது, இப்போது சனிக்கிழமைக்குப் பதினாறு, பதினேழு பேர் வருகிறோம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி, கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் ஆறு பேர். பின்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தங்கச்சி நம் சபை இல்லை. அம்மன் கோயிலுக்குப் போகிறவள். வெள்ளத்தில் அவள் வீட்டார் மூன்று இரவு நம் கோயிலில் படுத்திருந்தார்கள். எங்களில் ஒருவர் வராத வாரம் இருக்கும், அவள் வராத சனிக்கிழமை கிடையாது.

கமிட்டியில் ஒரு அண்ணாச்சி என்னிடம் கேட்டார்: “ரேஷனில் அரிசி சும்மா கிடைக்குது. இங்க யாரும்மா பட்டினி கிடக்கா?” நல்ல கேள்விதான். 2011-லிருந்து அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வயிறு காயாமல் இருப்பதற்கு அரசு வழி செய்திருக்கிறது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று ஒருநாள் மத்தியானம் போய்ப் பாருங்கள். பீடி சுற்றும் வீடுகளில் ரசமும் அப்பளமும்தான். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டும் மாதங்களில் அந்த ரசத்திலும் தக்காளி இருக்காது. உப்பளத்துக்குப் போகிற குடும்பங்களுக்கு அக்டோபர் தொட்டு டிசம்பர் வரை வேலை ஓய்ந்துவிடும். அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தை மூன்று மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள், காய்கறிக்கு என்ன மிஞ்சும்? ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் காயும் பழமுமாக 400 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாலு பேர் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று அரசு எடுத்த கணக்கெடுப்பே சொல்லும்போது, கீரைப் பாத்தியைச் சின்ன விஷயமாக எனக்குப் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது. பள்ளிக்கூடம் நடக்கும்வரை சத்துணவு உண்டு. மே மாதம் அதுவும் இல்லை. நாம் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நடத்தும் பத்து நாளும் பிள்ளைகள் ஏன் அவ்வளவு ஆவலாய் வருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாட்டுக்கும் கதைக்கும்தான், சந்தேகமில்லை. பதினொரு மணிக்குக் கொடுக்கும் சுண்டலுக்கும்தான். இந்த மே மாதம் கிணற்றில் தண்ணீர் கீழே போய், மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. வாழைச் சருகையும் பனையோலையையும் பரப்பி மூடாக்குப் போட்டு, செடிக்குச் செடி செம்பில் ஊற்றி, முருங்கையையும் சீனி அவரையையும் காப்பாற்றினோம். அந்த மாதம் காய் எடுக்க வந்த 27 வீட்டுக்கும் வாரம் ஒரு கட்டு முருங்கைக்கீரையாவது போனது.

சனிக்கிழமை விடியற்காலம் அங்கே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஐந்தரை மணிக்கு வெளிச்சம் வரும் முன்பே வெண்டைக்காயில் கை வைத்துவிட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும். நுனியை ஒடித்தால் ‘டக்’ என்று ஒடிய வேண்டும், வளைந்தால் அதை விதைக்கு விட்டுவிடுவோம். வெண்டைச் சுணை பட்டுக் கை அரிக்கும், அதனால் கல்லூரிப் பிள்ளைகள் பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு பறிப்பார்கள். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் மேலாக அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். அதை வாழைநாரில் கட்டி ஈரச்சாக்கில் அடுக்குவோம். பீர்க்கும் புடலையும் பந்தலில் தொங்கும். மயில் வந்து தக்காளியைக் கொத்தாமலிருக்கச் சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டியிருக்கிறோம். அதில் ஒன்று என் அம்மாவின் சேலை. பூச்சிக்கு இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்த கரைசல்தான். கடை மருந்து அடிப்பதில்லை. ஏழு மணிக்குள் நிறுத்து முடித்துவிடுவோம்.

நாங்கள் செய்த ஒரு தப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் நாலைந்து வாரம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு, பெயர் கூப்பிட்டு, பையைக் கையில் கொடுத்துப் படமும் எடுத்தோம். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. ஐந்தாவது வாரம் பாதிப் பேர் வரவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் நான் எடுக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை, ஏழாவது படிக்கிறவள், அவளும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைதான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மிஸ், எங்க கிளாஸ் பிள்ளைங்க எல்லாரும் அந்த போட்டோவப் பாத்துட்டாங்க” என்றாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. அன்றைக்கே எல்லாருடைய போனிலிருந்தும் படங்களை அழிக்கச் சொன்னோம்.

ரூத் கதிர் பொறுக்க வந்தபோது போவாஸ் தன் வேலைக்காரருக்குச் சொன்னதை நான் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குப் பாடமாக எடுத்திருக்கிறேன். அவளை வெட்கப்படுத்தாதீர்கள், வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிட்டுப் போங்கள் என்றார் அவர். அந்த ‘வேண்டுமென்றே சிந்துவது’ என்ன என்று அந்தப் பிள்ளை வீட்டு வாசலில்தான் எனக்குப் புரிந்தது. இப்போது மேசையும் பட்டியலும் கிடையாது. தோட்டத்துக் கதவைச் சனிக்கிழமை ஏழு மணிக்குத் திறந்து வைப்போம். வேண்டியவர்கள் வந்து ஒரு கை களை பிடுங்கலாம், பிடுங்காமலும் போகலாம், காயை எடுத்துக்கொள்ளலாம். வசதியுள்ள வீட்டுக்காரர்களையும் ஒரு கட்டுக் கீரை எடுத்துப்போகச் சொல்லிக் கேட்டோம், அவர்கள் உண்டியலில் அதற்கு மேலேயே போடுகிறார்கள். அதனால் தோட்டத்திலிருந்து பையோடு போகிறவரைப் பார்த்து இவர் ஏழை, இவர் பணக்காரர் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை திரும்ப வருகிறாள். புடலைப் பிஞ்சில் கல் கட்டித் தொங்கவிடுவது இப்போது அவள் பொறுப்பு.

சரி, காருக்கு வருகிறேன். கமிட்டி சொல்லும் காரணம் பொய்யில்லை. போன கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு வந்த பாட்டியம்மா ஒருவர், ரோட்டில் நெருக்கி நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே தடுக்கி விழுந்தார்கள். வயதானவர்கள் வாசல் வரை வண்டியில் வந்து இறங்க வேண்டும், அதை நாங்களும் கேட்கிறோம். அதற்குத் தென்புறத்தில் கொடிக்கம்பத்தை அடுத்த இரண்டு சென்ட் போதும்; அங்கே செடி எதுவும் இல்லை. மற்ற வண்டிகளுக்கு எதிரே நம் பள்ளிக்கூட மைதானம் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கிறது. தாளாளரிடம் பேசி அந்தச் சாவியை வாங்கிக் கொடுங்கள். ஞாயிறுதோறும் எங்களில் இரண்டு பேர் நின்று வண்டிகளை ஒழுங்குபண்ணுகிறோம், எழுதியே தருகிறோம். கார்கள் வாரத்தில் மூன்று மணி நேரம் நிற்கும், கல்யாண நாளில் கொஞ்சம் கூட நிற்கும். அதற்காக வருஷம் முழுக்கக் காய்க்கிற மண்ணை மூட வேண்டாம்.

இன்னொன்று, கிணறு. பிளாக் பதிக்கும் முன்பு ஜல்லியும் கிரஷர் தூசியும் போட்டு ரோலர் விட்டு இறுக்குவார்கள். அதன் பிறகு மழைத் தண்ணீர் அந்த மண்ணுக்குள் இறங்குவது லேசில்லை. குருவானவர் குடியிருக்கும் குருமனைக்கும் கோயிலுக்கும் அந்த ஒரே கிணறுதான். 2023 வெள்ளத்தில் வளாகத்துத் தண்ணீரில் பெரும்பங்கு வடபுறத்து மண்ணில்தான் சுவறியது என்பதை அன்றைக்கு அங்கே இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நம் திருநெல்வேலித் திருச்சபைக்கு இதெல்லாம் புதுசும் அல்ல. 1841-இல் இடையன்குடிக்கு வந்த மிஷனரி கால்டுவெல் ஐயர் கோயில் கட்டுவதோடு நிற்கவில்லை. தெருக்களை ஒழுங்குபடுத்திக் கிணறு வெட்டி மரம் வைத்தார். 1870-களில் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் நம் கோயில்கள் கஞ்சித்தொட்டி வைத்த கதையைத் தாத்தாமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். தூரத்திலும் ஒரு உதாரணம் உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில், பிளசன்ட் ஹோப் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ஹீபர் பிரவுன், கோயிலுக்கு முன்னால் இருந்த புல்தரையைக் கொத்திக் காய்கறி போட்டார். 2015-இல் அந்த நகரத்தில் கலவரம் வந்து கடைகள் அடைத்துக் கிடந்தபோது, அந்தச் சபையும் அவர்களோடு சேர்ந்த விவசாயிகளும்தான் ஜனங்களுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்றைக்கு எத்தனையோ சபைகள் அந்த வழியில் சேர்ந்திருக்கின்றன. அவர்கள் புல்தரையிலிருந்து ஆரம்பித்தார்கள். நமக்கு ஆறே கொண்டுவந்து போட்ட வண்டல் இருக்கிறது, அடியோடு வற்றிப்போகாத கிணறும் இருக்கிறது.

அறுப்பின் பண்டிகையில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் எடுக்கிற சபை நம்முடையது. கொடுக்கிற மனசு நம்மிடம் குறைவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். போன வருஷம் நம் தோட்டத்துத் தடியங்காயைப் பீடத்துக்குக் கீழே வைத்திருந்தோம். ஐயா அதைத் தூக்கிக் காட்டி ஜெபித்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எங்கள் விண்ணப்பம் பெரிதல்ல. கல் பாவும் வேலையை நிறுத்திவையுங்கள். அந்த 12 சென்டில் மூன்று வருஷத்துக்குப் பயிர் வைக்க எழுத்தில் அனுமதி கொடுங்கள். மோட்டார் ஓடும் கரண்ட் செலவை நாங்களே கட்டிவிடுகிறோம், கோயில் கணக்கில் ஒரு ரூபாய் எழுத வேண்டாம். மூன்று வருஷத்துக்குப் பிறகும் அந்த இடம் காருக்குத்தான் வேண்டும் என்று சபை முடிவு பண்ணினால், நாங்களே பந்தலைப் பிரித்துத் தருகிறோம். அதற்கு முன்னால் கமிட்டியார் எல்லாரும் ஒரு சனிக்கிழமை காலையில் வாருங்கள். ஐந்தரை மணிக்கு முடியாவிட்டால் ஏழு மணிக்காவது வாருங்கள், யார் யார் கையில் பை இருக்கிறது என்று பாருங்கள்.

ஆடி பிறக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. வெண்டை, கத்தரி, சீனி அவரை, பீர்க்கு எல்லா விதையும் வாங்கிக் குருமனைத் திண்ணையில் டப்பாவில் வைத்திருக்கிறோம். இந்தப் பட்டத்தில் போட்டால்தான் உப்பளம் ஓயும் அக்டோபரில் கத்தரி காய்த்துக்கொண்டிருக்கும். விதைக்கலாமா, ஐயா?

இப்படிக்கு,
சனிக்கிழமைத் தோட்டத்தார் சார்பில்,
உங்கள் சபைச் சகோதரி