தூரியில் நின்றபடி

அம்மிணி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போட வைத்துவிட்டான் என்று உன் அண்ணனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

எஸ்தோனியாவில் இப்போது ராத்திரி என்று ஒன்று வரவே மாட்டேன் என்கிறது. பகல் 18 மணி நேரத்துக்கும் மேல். பத்தரை தாண்டித்தான் சூரியன் இறங்குகிறது, இறங்கிய பிறகும் வானம் கறுப்பதில்லை. இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். சூரியன் என்னும் விளக்கை அணைக்கும் வேலை ஹேமரிக் என்ற பெண்ணுக்கு, அதாவது அந்திக்கு. ஏற்றும் வேலை கோயித் என்ற பையனுக்கு, அவன் விடியல். கோடையில் இந்தச் சில வாரங்கள்தான் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள முடியும். விளக்கு அவள் கையிலிருந்து அவன் கைக்குப் போகும். கல்யாணம் செய்து வைக்கட்டுமா என்று பெரியவர் கேட்டதற்கு, நிச்சயம் ஆனவர்களாகவே இருந்துவிடுகிறோம் என்றார்களாம். இதைக் கேட்டதும் அம்மா உன் அண்ணனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான்.

ஜூன் 23 இவர்களுக்கு வெற்றி நாள். 1919இல் விடுதலைப் போரின்போது, இன்று லாட்வியாவில் இருக்கும் செசிஸ் ஊருக்குப் பக்கத்தில், பால்டிக் ஜெர்மானியர் படையை வென்ற நாள். காலையில் ஜனாதிபதி ஒரு தீயை ஏற்றுகிறார். அதிலிருந்து ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தீ போகிறது. அன்று சாயங்காலமே யானிப்பேவ் என்ற தீத் திருவிழா தொடங்கிவிடும். யான் என்றால் யோவான். பெயர் தேவாலயத்திலிருந்து வந்தது, தீ அதைவிடப் பழசு. அன்று இரவு மட்டும் கொடியைக் கம்பத்திலிருந்து இறக்க மாட்டார்கள். இருட்டாத ராத்திரிக்கு எதற்கு இறக்க வேண்டும்!

நாங்கள் சாரேமா தீவுக்குப் போனோம். விர்ட்சு என்ற துறையில் காரோடு கப்பல் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் முகு என்ற சின்னத் தீவு, அங்கிருந்து கடலுக்குள் போட்ட சாலை வழியாக சாரேமா. கடற்கரையில் ஆள் உயரத்துக்கு மேல் விறகு அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு பழைய மரப் படகு. ஓட்டை விழுந்து, இனி கடலுக்கு ஆகாது என்று ஆன படகைத் தீவுக்காரர்கள் அடுப்புக்குப் போடுவதில்லை, இந்தத் தீக்கென்று வைத்துவிடுவார்களாம். தார் பூசிய பலகை எரியும் சத்தம் இருக்கிறதே, நம் சொக்கப்பனையில் கூட நான் கேட்டதில்லை.

வசந்த விதைப்பு முடிந்து, வைக்கோலுக்குப் புல் அறுக்கத் தொடங்கும் முன் வரும் இடைவேளை இது. இந்தத் தீக்கு வராதவன் வயலில் பார்லிக்குப் பதில் முள்ளும் களையும்தான் முளைக்கும் என்று முன்பு பயமுறுத்துவார்களாம். நல்ல ஏற்பாடு. என் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்கு ஆள் சேர்க்க எனக்கு இப்படி ஒன்று தோன்றாமல் போயிற்று.

விளையாட்டு என்றதும் அம்மா சிரிக்கிறாள். 31 வருஷம் விசில் ஊதியவனுக்கு இங்கே வேடிக்கை பார்க்கத்தான் வேலை. கயிறு இழுத்தல் உண்டு, சாக்கு ஓட்டம் உண்டு. பழைய பூட்ஸை யார் தூரம் எறிவது என்று ஒரு போட்டி. எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து உள்ளங்காலோடு உள்ளங்கால் வைத்து, நடுவில் ஒரு கட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். எவன் பிட்டம் தரையை விட்டு எழுகிறதோ அவன் தோற்றான். ஒரு கட்டை போதும், பி.டி. பீரியடுக்குச் செலவே இல்லை. மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் போட்டியிலும் இவர்கள்தான் கில்லாடிகள். பின்லாந்தில் நடக்கும் உலகப் போட்டியில் 1998 முதல் 2008 வரை விடாமல் எஸ்தோனியர்களே ஜெயித்தார்கள். மனைவி தலைகீழாக முதுகில் தொங்குவாள், கால் இரண்டும் கணவன் கழுத்தில். அம்மாவிடம் சொன்னேன், பதில் வரவில்லை.

காட்டில் பெரணிப் பூ தேடப் போவதும் இந்த இரவில்தான். பெரணி பூக்காது, தாவரவியல் படித்த உனக்குத் தெரியும். இவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் இளசுகள் ஜோடியாகத் தேடப் போகிறார்கள். இதைப் பற்றி அப்பா இதற்கு மேல் எழுத முடியாது.

இனி தூரிக்கு வருகிறேன். இதற்காகத்தான் கடிதமே.

நம் தூரி மாதிரி இவர்கள் ஊரிலும் ஊஞ்சல் உண்டு, ஆனால் அதில் கயிறு கிடையாது. பெரிய மரக்கால்கள் நட்டு, குறுக்குக் கட்டையிலிருந்து மரச்சட்டத்தில் ஒரு நீளப் பலகையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் எதிரெதிராக நின்று ஆடுகிறார்கள். யாரும் உட்காரவில்லை. உச்சியில் குந்துகிறார்கள், கீழே வரும்போது நிமிர்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் உயரம் ஏறுகிறது. 1990களில் அடோ கோஸ்க் என்ற ஒருவர் இதையே கீகிங் என்று விளையாட்டாக்கிவிட்டார். இரும்புக் கம்பியில் பலகை, அதில் காலைக் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக ஆடி, குறுக்குக் கம்பிக்கு மேலே போய் முழு வட்டம் சுற்றி வர வேண்டும். கம்பியின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், நீளம் கூடக் கூட எழுப்புவது கஷ்டம். சாதனை 7 மீட்டரைத் தாண்டிவிட்டது.

அந்த ஊர்த் தூரியில் என் வயதை ஒத்த ஒரு அம்மா நின்று ஆடினார். தலையில் மலர்க் கிரீடம், காலில் ரப்பர் பூட்ஸ். பலகை மரக்கிளை உயரத்துக்குப் போனபோதும் பாட்டை நிறுத்தவில்லை. சுற்றி நின்ற ஒருவரும் "இறங்கு" என்று சொல்லவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஆடி நோன்பிக்கு நம் புளியமரத்தில் கட்டிய தூரியில் நீ நின்று ஆடினாய். அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. ஊரே பார்க்க உன்னைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன். விழுந்துவிடுவாய் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். உன் பிடி சரியாக இருந்தது, எப்போது குந்தி எப்போது நிமிர வேண்டும் என்று நான் சொல்லித்தராமலே உனக்குத் தெரிந்திருந்தது. விசில் ஊதுகிற எனக்கு அது தெரியாதா? பெரியப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரு மாதிரி பார்த்தார்கள், அதனால் இறக்கினேன். அதற்கப்புறம் நீ எந்த ஆடிக்கும் தூரிப் பக்கம் போகவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த அம்மா இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார். ஏறினேன். அண்ணன் வீடியோ எடுத்திருக்கிறான், அனுப்புவான். அதில் கத்துவது அம்மா இல்லை, நான்தான்.

ஜூலை 10 ஊர் திரும்புகிறோம். ஆடி 18க்கு லீவு கிடைக்குமா என்று பார். புளியமரம் அப்படியேதான் இருக்கிறது. நல்ல கயிறு நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா