முதல் போட்டியில் மொத்தமே இல்லாமல் திரும்புவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் நடந்த வலுதூக்கும் போட்டி பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். முதன்முறை மேடையேறிய இளைஞர்கள் சிலர் ஸ்குவாட்டிலேயே மூன்று முயற்சியும் தவறி வெளியேறினார்கள் என்றும், போதிய பயிற்சி இல்லாததே காரணம் என்றும் எழுதியிருந்தீர்கள். காரணம் அதுவல்ல. அப்படி வெளியேறுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த எடையைத் தூக்கும் வலு உள்ளவர்கள்தான். முதல் முயற்சிக்கு எவ்வளவு என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்களே, அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

விவரம் தெரியாத வாசகர்களுக்காக: ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இழுத்து நிமிர்வது) என்று மூன்று வகை, ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சி. ஒவ்வொன்றிலும் தூக்கிய அதிகபட்ச எடையைக் கூட்டினால் மொத்தம். ஏதாவது ஒன்றில் மூன்றும் தவறினால் மொத்தம் கிடையாது. மற்ற இரண்டில் எவ்வளவு தூக்கியிருந்தாலும் தர வரிசையில் பெயர் வராது. இன்னொரு விதியும் இதோடு சேர்ந்தது: கேட்ட எடையைக் குறைக்க முடியாது. முதல் முயற்சி தவறினால் அதே எடையைத் திரும்ப எடுக்கலாம், அல்லது கூட்டலாம். அதனால் முதல் எண்ணைத் தப்பாகக் கொடுத்தவர் மூன்று முறையும் அதே சுவரில்தான் முட்ட வேண்டும்.

ஜிம்மில் 140 கிலோ ஸ்குவாட் போடுகிற பையனை எடுத்துக்கொள்வோம். அவன் 135 அல்லது 140 என்று தொடங்க ஆசைப்படுவான். நான் சொல்வது 125. தூக்கம் கெட்ட நாளிலும் தொடர்ந்து மூன்று தடவை (ரெப்) போட முடிகிற எடைதான் முதல் முயற்சிக்கு உரியது. பிறகு 132.5. மூன்றாவதுக்கு 140, உடம்பு ஒத்துழைத்தால் 142.5. முதல் முயற்சி ஒரு டோக்கன் வாங்குவது மாதிரி. அதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

அந்த 140 உண்மையிலேயே 140 தானா என்பது அடுத்த கேள்வி. விதிப்படி, இடுப்பு மடிப்பில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடக் கீழே போக வேண்டும். ஜிம்மில் போடும் ஸ்குவாட்டில் கால்வாசி அந்த ஆழத்துக்கு வருவதில்லை. செல்போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்துப் படம் எடுத்தால் உண்மை தெரியும். மேலிருந்து எடுத்தால் ஆழம் குறைந்ததாகவும், தரையில் வைத்து எடுத்தால் கூடியதாகவும் ஏமாற்றும். மேடையில் கண்ணாடியும் இருக்காது. கண்ணாடியைப் பார்த்தே பழகியவர் நடுவர் முகத்தைப் பார்த்ததும் தடுமாறுவார். கடைசி ஒரு மாதமாவது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று பயிற்சி செய்ய வேண்டும்.

பெஞ்ச் பிரஸ்ஸில் வித்தியாசம் இன்னும் அதிகம். ராடு நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் ‘பிரஸ்’ என்பார். நெஞ்சில் குதிக்கவிட்டு 100 கிலோ போடுகிறவருக்கு, நிறுத்திப் போட்டால் 90 தேறுவதே பெரிது. பின்னால் நிற்கும் நண்பர் இரண்டு விரலை வைத்து ‘உன்னுதுதான், உன்னுதுதான்’ என்று கத்திய ரெப்பை எல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவருக்கு முதல் முயற்சி 82.5 சரியாக இருக்கும். 2023 முதல் முழங்கை விதியும் வந்துவிட்டது: ராடு நெஞ்சில் இருக்கும்போது முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேல்மட்டத்துக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்க வேண்டும். முதுகை வில்லாக வளைத்து, கையை அகல வைத்து, நாலு விரற்கடை தூரம் மட்டும் தள்ளும் வித்தைக்கு இனி வெள்ளை விளக்கு, அதாவது ‘செல்லும்’ என்ற நடுவர் தீர்ப்பு, எரியாது. தலை, தோள், பிட்டம் மூன்றும் பெஞ்சிலேயே இருக்க வேண்டும். பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். குள்ளமானவர்கள் காலுக்கடியில் 30 சென்டிமீட்டர் உயரம்வரை பிளேட் அல்லது கட்டை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இது தெரியாமல் குதிகாலைத் தூக்கித் தோற்றவர்கள் உண்டு.

பிளேட் கணக்கிலும் ஒரு குழப்பம் வரும். போட்டி ராடு 20 கிலோ, பிளேட் நழுவாமல் பிடிக்கும் இரு பக்கக் காலர் தலா 2.5 கிலோ, ஆக, பிளேட் மாட்டாமலே 25. சிவப்பு பிளேட் 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15. பக்கத்துக்கு இரண்டு சிவப்பு என்றால் 125. நம் ஜிம்களில் காலரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, பழைய ரப்பர் பிளேட்டின் உண்மை எடை அதில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகும் என்ற உறுதியும் இல்லை. பயிற்சியில் பயன்படுத்தும் பிளேட்டுகளை ஒருமுறையாவது தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, நடுவர் கட்டளை. ஸ்குவாட்டுக்கு ‘ஸ்குவாட்’, ‘ரேக்’. பெஞ்சுக்கு ‘ஸ்டார்ட்’, ‘பிரஸ்’, ‘ரேக்’. டெட்லிஃப்டுக்கு ‘டவுன்’ மட்டும். எடை முழுதாக மேலே போய்விட்டது, ‘ரேக்’ என்று சொல்லும் முன்பே ஸ்டாண்டில் வைத்துவிட்டார் என்றால் சிவப்பு விளக்குதான். மேடையில் பதற்றத்தில் காது கேட்காது என்பது நிஜம். அதனால் கடைசி ஆறு வாரம், கனமான ஒவ்வொரு செட்டிலும் கூட இருப்பவர் கட்டளை கொடுக்க வேண்டும். சில நேரம் வேண்டுமென்றே இரண்டு நொடி தாமதிக்க வேண்டும். மூன்று நடுவர்களில் இருவர் வெள்ளை கொடுத்தால் போதும். தவறினால், காரணத்தைச் சொல்ல எந்த நிற அட்டை காட்டினார்கள் என்று பயிற்சியாளர் பார்த்துவைக்க வேண்டும். ஸ்குவாட்டில் சிவப்பு அட்டை என்றால் ஆழம் போதவில்லை என்று பொருள். வலு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் அதே எடை தேறிவிடும். நடுவர் விளக்கு எரிந்த ஒரு நிமிடத்துக்குள் அடுத்த எண்ணைக் கொடுக்க வேண்டும். மறந்தால், வென்றவருக்குத் தானாக 2.5 கிலோ கூடும். தவறியவருக்கு அதே எடை வரும்.

இனி, எனக்குக் கோபம் வரும் விஷயம்: எடை குறைப்பு. 76 கிலோ உள்ள பையனை 74 கிலோ பிரிவில் இறக்க, இரண்டு நாள் தண்ணீர் கொடுக்காமல், வெயிலில் ரெயின்கோட் மாட்டி ஓடவிடுகிறார்கள். சென்னையில், மே மாதத்தில். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடல் சூடு இறங்காது. வெப்பத்தாக்கு வருவதற்கு இதைவிட நேர்வழி இல்லை. அப்படியே எடை சரியாக வந்தாலும் பலனில்லை. சர்வதேச வலுதூக்குதல் கூட்டமைப்பின் (ஐ.பி.எஃப்.) விதிப்படி எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் தொடங்குகிறது. இழந்த நீரை அதற்குள் உடல் மீட்காது. ஸ்குவாட்டில் தொடை பிடித்துக்கொள்ளும். சில அமைப்புகள் முந்தின நாளே எடை பார்க்கின்றன. அங்கே படித்த வித்தையை இங்கே கொண்டுவரக் கூடாது. சிறுநீர் பிரியும் மாத்திரை கொடுக்கிற ‘மாஸ்டர்’களும் இருக்கிறார்கள். ஃப்யூரோசமைடு உள்ளிட்ட அந்த வகை மருந்துகள் ஊக்கமருந்துப் பட்டியலில் எந்நேரமும் தடை செய்யப்பட்டவை. பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே குலையலாம். முதல் போட்டியில் இருக்கிற எடையில் போட்டியிட்டால் போதும்.

பயிற்சிக்கு முன் குடிக்க டப்பாவில் விற்கும் ‘பிரீ ஒர்க்அவுட்’ பவுடர்களுக்கும் இதே எச்சரிக்கை. தடை செய்யப்பட்ட ஊக்கி கலந்திருந்து தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் (நாடா) சோதனையில் சிக்கினால், ‘தெரியாமல் குடித்தேன்’ என்பதால் குற்றம் நீங்காது. ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் காபி போதும்.

உடை, உபகரணம் பற்றிச் சுருக்கமாக. ஒரே துண்டாலான சிங்லெட், காலர் இல்லாத டி-ஷர்ட், தொடையை மூடாத சாதாரண ஜட்டி, டெட்லிஃப்டுக்கு முழங்கால் அருகே வரும் நீள சாக்ஸ். பெல்ட் 10 சென்டிமீட்டர் அகலம், 13 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் கூடாது. உள்ளே பஞ்சு வைத்த பெல்ட் செல்லாது. கை ஸ்ட்ராப்புக்கு டெட்லிஃப்டில் அனுமதியில்லை. ஜிம்மில் அதை நம்பியே 180 கிலோ இழுத்தவர் இரண்டு மாதமாவது வெறுங்கையில் பிடி பழக வேண்டும். கையில் சுண்ணப்பொடி, தொடையில் டால்கம் பவுடர். இந்த இரண்டும் இடம் மாறினால் ராடு நழுவும். எல்லாவற்றையும் போட்டிக்கு முன் பரிசோதிப்பார்கள் என்பதால் டி-ஷர்ட், சாக்ஸ் இரண்டு ஜோடி இருக்கட்டும். ஸ்குவாட் ஸ்டாண்ட் உயரத்தையும் பெஞ்ச் ஸ்டாண்ட் உயரத்தையும் அங்கேயே அளந்து எழுதிக்கொடுக்க வேண்டும். ஜிம் ஸ்டாண்டின் துளை எண் அங்கே உதவாது.

கடைசி கனமான டெட்லிஃப்ட் போட்டிக்குப் பத்து முதல் பதினாலு நாள் முன்பு. ஸ்குவாட் ஒரு வாரம் முன்பு, பெஞ்ச் ஐந்து நாள் முன்பு. அதன் பிறகு புதிதாக வலு ஏறப் போவதில்லை, களைப்பு மட்டும்தான் ஏறும்.

எடை பார்த்து முடித்ததும் ஓ.ஆர்.எஸ். கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, மூன்று நாலு இட்லியும் வாழைப்பழமும் சாப்பிடலாம். நெய்ப்பொங்கல், பூரி வேண்டாம். மூன்று சுற்றும் முடியப் பல மணி நேரம் ஆகும். பெஞ்சுக்கும் டெட்லிஃப்டுக்கும் நடுவே தயிர்சாதம் நாலு கவளம், கடலை மிட்டாய். வார்ம்-அப் அறையில் கூட்டம் நெரியும். 125 கிலோவுக்குத் தொடங்குபவர் வெறும் ராடு, 60, 80, 100, 115 என்று போய், தனக்கு முன்னால் ஐந்தாறு பேர் இருக்கும்போது கடைசி செட்டை முடித்துவிட வேண்டும். அரை மணி முன்பே முடித்தவர் ஆறிப்போய் மேடையேறுவார்.

நான் சொன்னவை ஐ.பி.எஃப். விதிகள், பவர்லிஃப்டிங் இந்தியாவின் கீழ் நடக்கும் போட்டிகளுக்குப் பொருந்துபவை. நுழைவுப் படிவத்தோடு இவற்றைத் தமிழில் இரண்டு பக்கம் அச்சிட்டுத் தரப் போட்டி அமைப்பாளர்களுக்குப் பெரிய செலவாகாது. உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: முடிவுகளை வெளியிடும்போது ‘தங்கம் வென்றார்’ என்பதோடு நிறுத்தாமல், எடைப்பிரிவு, மூன்று வகையிலும் தூக்கிய எடை, மொத்தம், கிளாசிக்கா (எடை தூக்க உதவும் இறுக்கமான சிறப்பு உடை இல்லாமல்) எக்யுப்டா (அந்த உடையோடு) என்பதையும் போடுங்கள். யாராவது மொத்தம் இல்லாமல் வெளியேறினால், எந்த எடையில் தொடங்கினார் என்றும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வலுதூக்குதல் பயிற்சியாளர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.