எங்கள் தோட்டத்துச் சாளை எஞ்சினை ஓடவைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

மாட்டுப் பொங்கலான பட்டிப் பொங்கலன்று காலை, எங்கள் தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் வந்து விழுந்தபோது பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தண்ணீரை வரவழைத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

காங்கயத்துக்கு அருகே, எங்கள் அப்பாரு (தாத்தா) வைத்துப்போன கிணற்றடி எஞ்சின் இப்போது நாம் காணும் டீசல் எஞ்சின் அல்ல. அதன் தலையில் இருக்கும் இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் காய்ச்சினால்தான் உயிர் வரும். தீப்பொறி தரும் பிளக்கும் இல்லை, பேட்டரியும் இல்லை. எண்ணெய் அந்தச் சூட்டில் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். ஓடத் தொடங்கிய பிறகு எரிகிற சூடே குமிழைக் காயவைத்துக்கொள்ளும். இங்கிலாந்துக்காரர் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890-இல் காப்புரிமை பெற்ற வழி இது. மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த கிணறுகளுக்கு எண்ணெய் எஞ்சின் வரவேண்டும் என்று சென்னை மாகாணத்தில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் முனைந்து பாடுபட்டதும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பிறகு நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தது, மோட்டார் வந்தது. இந்த எஞ்சின்கள் பழைய இரும்புக்குப் போயின.

எங்களுடையதும் போயிருக்கும். இறுகிப்போன பிஸ்டனை மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி நாற்பது நாள் காத்திருந்து அசைத்துக் கொடுத்தவர் கோயமுத்தூர் கணபதியிலிருந்து வந்த கடைசல்காரர் (லேத் வேலைக்காரர்). பிஸ்டன் அசைந்ததும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். அவர் விடவில்லை. குமிழின் மேல் மண்ணெண்ணெய் தடவி, சற்றுப் பொறுத்துத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியைப் பூசினார். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளையில் மயிரிழை போல ஒரு கோடு ஈரமாகத் தெரிந்தது. விரிசல். அன்றே பற்றவைத்திருந்தால் சுற்றி நின்ற பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு பதறுகிறது. ஐயா, உங்களுக்கு என் முதல் வணக்கம்.

புதுக் குமிழுக்கு மரத்தில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செதுக்கிய ஆசாரியாருக்கு அடுத்த வணக்கம். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு சுருங்கும். அந்த அளவைக் கூட்டியே செதுக்கினார். பீளமேட்டு வார்ப்படப் பட்டறைத் தோழர்கள் முதலில் ஊற்றிய வார்ப்பில் காற்றுத் துளை இருப்பதைக் கண்டு, எங்களிடம் காட்டுவதற்கு முன்பே அதைச் சம்மட்டியால் உடைத்துவிட்டார்கள். இரண்டாவதும் கூலி வாங்காமல் ஊற்றிக் கொடுத்தார்கள். கோயமுத்தூர்ப் பட்டறைகளுக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததல்ல.

பாரம் தூக்கும் செயின் பிளாக் கொடுத்த பக்கத்துத் தோட்டத்து மாமா, ஞாயிறுதோறும் துரு தேய்த்த பாலிடெக்னிக் மாணவ மாணவியர், பட்டைப் பெல்ட்டைத் தைத்துக் கொடுத்தவர், பிள்ளைகள் நெருங்காதபடி சக்கரங்களைச் சுற்றி மூங்கில் வேலி கட்டியவர்கள், அத்தனை ஞாயிறும் எல்லாருக்கும் கம்பஞ்சோறும் மோரும் சுமந்துவந்த அக்காமார்கள் என எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. ஆனால் எஞ்சின் அருகே ஒரு பலகை நடப்போகிறோம். அதில் உங்கள் தொழிலையும் ஊரையுமாவது எழுதிக்கொள்ள இசைவு தாருங்கள். அடுத்த பட்டிப் பொங்கலுக்கும் எஞ்சின் ஓடும். ஊதுவிளக்கைக் கடைசல்கார ஐயாதான் பற்றவைக்க வேண்டும்.

நன்றியுடன்,
தோட்டத்துக் குடும்பத்தார்