மாதிரி ஐ.நா. போதைப்பொருள் குழுப் பிரதிநிதிகள் கவனத்துக்கு

நண்பர்களே, தீர்மான வரைவுகளைப் பார்த்தேன். பெரும்பாலானவை 'எல்லா நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும்' என்பதோடு நின்றுவிடுகின்றன. எப்படி என்பதுதானே கேள்வி? போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988 ஐ.நா. ஒப்பந்தத்தைத் திறந்து 17-வது பிரிவைப் படியுங்கள். நடுக்கடலில் வேறு நாட்டுக் கொடியோடு போகும் கப்பல் மீது கடத்தல் சந்தேகம் வந்தால், கப்பலின் பதிவை உறுதிசெய்யச் சொல்லி அந்தக் கொடிக்குரிய நாட்டிடம் கேட்டு, அனுமதி வாங்கித்தான் ஏற முடியும், அந்தப் பதில் தாமதமானால் போதைப்பொருள் மூட்டைகள் கடலுக்குள் போய்விடும், விவாதத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. 12-வது பிரிவு வேதிப்பொருள்கள் பற்றியது: ஹெராயின் தயாரிக்க உதவும் அசிட்டிக் அன்ஹைட்ரைடு சாதாரணத் தொழிற்சாலைகளுக்கும் வேண்டும், ஒரேயடியாகத் தடை போட முடியாது. அப்புறம், வியன்னாவில் கூடும் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் 53 உறுப்பு நாடுகள், வீட்டோ (தீர்மானத்தை ஒரே நாடு தடுக்கும் அதிகாரம்) கிடையாது, தயவுசெய்து வீட்டோ இருப்பதாக எழுதாதீர்கள். திருத்திய வரைவை இன்றிரவுக்குள் இங்கேயே போடுங்கள்.